மலைக்கு வரும் டிக்கெட்டுக்கு எத்தனை மணிநேரம்?

சேவை மேசை மென்பொருளில் எஸ்எல்ஏ (சேவைக் கெடு) அமைக்கும் அட்மின் நண்பர்களுக்கு,

மஞ்சக்குட்டையிலிருந்து எழுதுகிறேன். ஏற்காடு ஒன்றியத்தின் 9 ஊராட்சிகளில் ஒன்று இது. காப்பியும் மிளகும் சில்வர் ஓக் மரங்களும் சூழ்ந்த சேர்வராயன் மலையூர். இந்த மலையில் வங்கிக் கிளையோ, எஸ்டேட் ஆபீஸோ, தங்கும் விடுதியோ, பள்ளிக்கூடமோ, எதுவானாலும் அங்கே ரவுட்டரும் பிரின்டரும் பில் போடும் மிஷினும் நின்றுபோனால் போய்ப் பார்ப்பது என் பிழைப்பு. உங்கள் திரையில் 'ஃபீல்டு எஞ்சினியருக்கு ஒதுக்கப்பட்டது' என்று ஒரு வரி வருமே, அந்த வரிக்கு இந்தப் பக்கம் நிற்பவன் நான்.

உங்களில் யாரையும் நேரில் பார்த்ததில்லை. சேலத்திலோ சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து ஒரு கட்டத்துக்குள் நீங்கள் இடும் '4 மணிநேரம்' என்ற எண்தான் என் நாளை நடத்துகிறது. பழுதான கணினிக்கு முன்னால் வரிசையை நிறுத்திவைத்துக்கொண்டு தவிக்கும் எழுத்தரின் நாளையும் அதே எண்தான் நடத்துகிறது. அதனால் எல்லாருக்கும் பொதுவாக இந்த மடலை எழுதுகிறேன்.

நீங்கள் கையாளும் மென்பொருள்களில் பல நம் மாநிலத்தில் உருவானவை. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிப் பின்னர் ஸோஹோ ஆன நிறுவனத்தின் மேனேஜ்எஞ்சின் பிரிவுதான் சர்வீஸ்டெஸ்க் பிளஸ்ஸைத் தந்தது. அங்கே பணியாற்றிய கிரீஷ் மாத்ருபூதம் 2010இல் சென்னையில் தொடங்கியது இன்றைய ஃப்ரெஷ்வொர்க்ஸ், ஃப்ரெஷ்சர்வீஸ் அதனுடையது. அமெரிக்காவிலிருந்து சென்னைக்குக் குடிவந்தபோது அவருடைய தொலைக்காட்சிப் பெட்டி வழியிலேயே உடைந்துவிட்டது. இழப்பீடு கேட்டு மாதக்கணக்கில் அலைந்தும் ஒன்றும் நடக்கவில்லை. பொதுவெளியில் எழுதிய பிறகுதான் பணம் கைக்கு வந்தது. வாடிக்கையாளர் சேவை மென்பொருள் பக்கம் தன்னைத் திருப்பிய சம்பவங்களில் ஒன்றாக அவர் அதைச் சொல்லியிருக்கிறார்.

எஸ்எல்ஏ எதற்காக என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். ஊரறியக் கேட்கத் தெரிந்தவருக்கு எப்படியும் வேலை நடந்துவிடும். மேலாளரின் எண் தெரியாதவர், ஆங்கிலத்தில் கடுமையாக மடல் எழுத வராதவர், 'சரிங்க சார்' என்று போனை வைத்துவிடுகிறவர் எங்கள் மலையில் நிறையப் பேர். அவர்களுக்கும் அதே ஒழுங்கில் வேலை நடக்க வேண்டும் என்பதற்குத்தான் கடிகாரத்தை ஒரு மென்பொருளின் கையில் கொடுத்திருக்கிறோம். அப்படியானால் அந்தக் கடிகாரம் அவர்கள் நிற்கும் இடத்திலிருந்து ஓட வேண்டும். நான் கேட்பது இது ஒன்றுதான். மற்றவை எல்லாம் இதை உங்கள் திரையில் எந்தெந்தக் கட்டத்தில் செய்வது என்பது பற்றியவை.

மலைக்கும் சமவெளிக்கும் ஒரே கெடு வேண்டும் என்று கேட்க நான் வரவில்லை. மின் நுகர்வோர் உரிமைகளுக்காக மத்திய அரசு 2020இல் கொண்டுவந்த விதிகளை 2024 பிப்ரவரியில் திருத்தினார்கள். புதிய மின் இணைப்பு தருவதற்கான கெடு பெருநகரங்களில் 7 நாளிலிருந்து 3 நாளாகவும், நகராட்சிப் பகுதிகளில் 15இலிருந்து 7 ஆகவும், கிராமங்களில் 30இலிருந்து 15 ஆகவும் குறைந்தது. மலைப்பாங்கான கிராமங்களுக்கு மட்டும் பழைய 30 நாளே நீடிக்கிறது. மலைக்காரர்களை ஒதுக்கிவிட்டார்கள் என்று இங்கே சிலர் வருத்தப்பட்டார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. மின்கம்பத்தை மலைமேல் கொண்டுவர எத்தனை பாடு என்று யோசித்து, இடத்துக்குத் தக்க எண்ணை எழுதியிருக்கிறார்கள். கூடுதல் நாள் என்றாலும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. நடக்காத 4 மணிநேரத்தைவிட நடக்கிற 9 மணிநேரம் எங்களுக்கு மேல். நாளைக் காலை 11 மணிக்கு ஆள் வருவார் என்று உறுதியாகத் தெரிந்தால், அந்த எழுத்தர் கையால் பில் எழுதிச் சமாளிப்பார், தொலைவிலிருந்து வந்தவர்களை இன்னொரு நாள் வரச் சொல்லுவார். இன்று மாலைக்குள் என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பதுதான் கொடுமை. அவரும் வேலையைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார், வரிசையில் நிற்பவர்களும் காத்திருப்பார்கள்.

மென்பொருளில் இதற்கு வழி இருக்கிறது. சர்வீஸ்டெஸ்க் பிளஸ்ஸில் ஒவ்வொரு சைட்டுக்கும் தனி வேலைநேரம், தனி விடுமுறைப் பட்டியல், தனி எஸ்எல்ஏ வைக்கலாம். ஃப்ரெஷ்சர்வீஸிலும் ஒன்றுக்கு மேற்பட்ட வேலைநேர அட்டவணைகள் போடலாம். விதிகளின் வரிசையை மட்டும் கவனியுங்கள். மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் பொருந்தும் விதியை மென்பொருள் எடுத்துக்கொள்ளும். 'ஹை பிரியாரிட்டி என்றால் 4 மணிநேரம்' என்ற பொது விதி மேலே இருந்து, 'ஏற்காடு சைட்' என்ற விதி அதற்குக் கீழே இருந்தால், மலையிலிருந்து வரும் எந்த அவசர டிக்கெட்டுக்கும் அந்த இரண்டாவது விதி தொடப்படவே தொடப்படாது. யாரோ அக்கறையாக எழுதிவைத்த விதி வருடக்கணக்கில் அங்கே சும்மா கிடக்கும். இன்றைக்கே திறந்து பாருங்கள், இழுத்து மேலே போட ஒரு நிமிடம்கூட ஆகாது.

அடுத்தது நாட்காட்டி. திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 9 முதல் மாலை 6 வரை என்பது அலுவலகங்களின் வாரம். ஏற்காட்டு விடுதிக்குச் சனியும் ஞாயிறும்தான் வியாபாரம். மே மாதம் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும் நாட்களில் கேட்கவே வேண்டாம். வெள்ளிக்கிழமை மாலை ஆறரைக்கு வரவேற்பறைக் கணினி நின்றுபோகிறது. டிக்கெட் உடனே போடுகிறார்கள். உங்கள் கடிகாரமோ திங்கள் காலை 9 மணிக்குத்தான் ஓடத் தொடங்கும். திங்கள் மதியம் ஒரு மணிக்குள் சரிசெய்துவிட்டால் அறிக்கையில் அது பச்சை. இடைப்பட்ட இரண்டு நாள் நிரம்பி வழிந்த விடுதியில் வரவேற்பறைப் பையன்கள் பட்ட பாடு எந்த அறிக்கையிலும் வராது. வார இறுதியையும் விடுமுறையையும் கணக்கில் சேர்க்கும் தேர்வுகள் எஸ்எல்ஏ பக்கத்திலேயே இருக்கின்றன. எல்லா இடத்துக்கும் அவற்றைப் போட வேண்டியதில்லை. விடுதிகளுக்குப் போடுங்கள். காப்பிப் பழம் பறிக்கும் நவம்பர் முதல் ஜனவரி வரையிலான மாதங்களில் எஸ்டேட் ஆபீஸ்களுக்கும் போடுங்கள்.

டிக்கெட் பிறக்கும் நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் போர்ட்டலில் டிக்கெட் போட இணையம் வேண்டும். இணையம் போய்விட்டது என்று சொல்வதற்கும் இணையம் வேண்டும்! காலை 9 மணிக்கு இணைப்பு நின்ற இடத்தில், சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு யாராவது நடந்து போய், கைப்பேசியில் டிக்கெட் போட மதியம் ஆகிவிடும். உங்கள் கணக்கு மதியம் தொடங்குகிறது, அவர்கள் கணக்கு காலையிலேயே தொடங்கிவிட்டது. படிவத்தில் 'பழுது தொடங்கிய நேரம்' என்று ஒரு கட்டம் சேருங்கள். போனில் சொன்னாலும் டிக்கெட் ஏறட்டும். ரவுட்டர் பதில் சொல்லவில்லை என்பதை உங்கள் கண்காணிப்பு மென்பொருள் சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிடுகிறது. அந்த எச்சரிக்கையை நேராக டிக்கெட்டாக்கிவிடலாம். மின்வெட்டுக்கெல்லாம் டிக்கெட் குவிந்துவிடும் என்று பயப்பட்டால், கால் மணிநேரம் பொறுத்துப் பார்த்துப் போடும்படி அமையுங்கள்.

இனி 'ஹோல்டு'. இந்த மடலில் மற்ற எல்லாவற்றையும் நீங்கள் மறந்துவிட்டாலும் இதை மறக்கக் கூடாது.

டிக்கெட்டை ஹோல்டில் போட்டால் கடிகாரம் நிற்கிறது. எந்த நிலையில் கடிகாரம் நிற்க வேண்டும், எந்த நிலையில் ஓட வேண்டும் என்பதை நீங்கள்தான் தீர்மானிக்கிறீர்கள். சர்வீஸ்டெஸ்க் பிளஸ், ஃப்ரெஷ்சர்வீஸ், ஜிரா எல்லாவற்றிலும் இதற்கு இடமுண்டு. இந்த மலையில் ஓர் அலுவலகத்தில் நான் பார்த்தது இது. பிரின்டரின் உள்பாகம் ஒன்று மாற்ற வேண்டியிருந்தது. பாகம் வெளியூர் கிடங்கிலிருந்து வர வேண்டும். டிக்கெட்டில் சேவை மேசையிலிருந்த யாரோ 'பயனர் பதிலுக்காகக் காத்திருப்பு' என்று போட்டுவிட்டார்கள். பயனரை யாரும் எதுவும் கேட்கவே இல்லை. பாகம் வந்து சேர்ந்து, நான் மாட்டிக் கொடுத்தபோது நாட்கள் பல கடந்திருந்தன. மென்பொருளின் கணக்கில் இரண்டு மணிநேரத்துக்குக் கொஞ்சம் மேல், கெடுவுக்குள் முடிந்த வேலை. அந்த அலுவலகத்து அம்மா என்னிடம் கேட்டார்: "நான் பதில் சொல்லலைன்னு போட்டிருக்காங்களே தம்பி, என்னை யாரு என்ன கேட்டாங்க?" அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம்தான் இருக்க வேண்டும்.

கடிகாரத்தை நியாயமாக நிறுத்துவது எப்படி என்பதற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. தமிழ்நாடு 1997லேயே தனக்கென ஒரு தகவல் உரிமைச் சட்டம் இயற்றிய மாநிலம். நாடு முழுமைக்குமான சட்டம் 2005இல் வந்தது. அதைச் சேவை மேசைக்காரர் கண்ணோடு படித்துப் பாருங்கள். விண்ணப்பத்துக்கு 30 நாளில் பதில். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டதானால் 48 மணிநேரம். இதுதான் உங்கள் பிரியாரிட்டி. வேறு அலுவலகத்துக்கு உரிய விண்ணப்பம் என்றால் 5 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும். கெடுவுக்குள் பதில் வராவிட்டால் மறுத்ததாகவே பொருள், மேல்முறையீடு செய்யலாம். தகுந்த காரணம் இல்லாமல் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம். அந்தச் சட்டத்திலும் கடிகாரம் நிற்கும் இடம் ஒன்று உண்டு. தகவல் தரக் கூடுதல் கட்டணம் தேவைப்பட்டால், எவ்வளவு என்பதை விண்ணப்பதாரருக்குக் கணக்கோடு எழுதி அனுப்ப வேண்டும். அனுப்பிய நாளிலிருந்து அவர் கட்டும் நாள் வரை 30 நாள் கணக்கில் சேராது. அவருக்கு எழுத்தில் சொல்லியாக வேண்டும், செய்ய வேண்டிய காரியமும் உண்மையாகவே அவர் கையில் இருக்க வேண்டும். அலுவலகத்தில் ஜெராக்ஸ் மிஷின் கெட்டுவிட்டது என்பதற்காக அந்தச் சட்டத்தில் கடிகாரம் நிற்காது.

அதே ஒழுங்கை உங்கள் நிலைப் பட்டியலில் கொண்டுவர முடியும். 'பயனர் பதிலுக்காக' என்ற நிலையில் மட்டும் கடிகாரம் நிற்கட்டும், அதுவும் பயனருக்கு ஒரு கேள்வி எழுத்தில் போன பிறகு. 'உதிரிபாகத்துக்காக', 'வெண்டருக்காக' என்பவற்றைத் தனித்தனி நிலைகளாக வையுங்கள். அவற்றில் எத்தனை நேரம் போனது என்று தனியே அளந்து வெண்டரிடம் கேளுங்கள். பயனருக்குக் கொடுத்த கெடு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கட்டும். ஹோல்டில் போடும்போது காரணம் எழுதாமல் சேமிக்க முடியாதபடி செய்துவிடுங்கள்.

தானாக மூடிக்கொள்ளும் டிக்கெட்டும் இதே குடும்பம்தான். மூன்று நாளில் மறுப்பு வராவிட்டால் தீர்ந்ததாகக் கொள்ளும் அமைப்பை இணைப்பே இல்லாத இடத்துக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறீர்கள். இணையப் பழுது என்று சொன்னவரிடமிருந்து இணையம் வழியே மறுப்பு எப்படி வரும்? மலை சைட்டுகளுக்கு ஒரு போன் அழைப்பு இல்லாமல் டிக்கெட் மூடப்பட வேண்டாம்.

கெடுவைப் பயனருக்குக் காட்டுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். கர்நாடகத்தில் 2012இல் தொடங்கிய சகாலா திட்டத்தில் அரசு சேவைக்கு விண்ணப்பித்தவருக்கு ஓர் எண் தருகிறார்கள். அதை வைத்து விண்ணப்பத்தின் நிலையைப் பார்க்கலாம். கெடு தவறினால் நாளுக்கு 20 ரூபாய் வீதம் 500 ரூபாய் வரை ஈட்டுத்தொகை கேட்கலாம். தொகை சிறியதுதான். ஆனால் எத்தனை நாள் என்பது விண்ணப்பித்தவருக்கும் தெரிகிறது. உங்கள் மென்பொருளில் கெடு நேரம் டெக்னீஷியன் திரையில் மட்டும் மின்னிக்கொண்டிருக்கிறது. பயனருக்குப் போகும் மடலில் டிக்கெட் எண்ணும் நன்றியும் மட்டும் இருக்கின்றன. அந்த மடலின் வாசகத்தை மாற்றிக் கெடுவையும் சேருங்கள். தமிழில் எழுதுங்கள். படிக்க முடியாத மொழியில் வந்த கெடு அவருக்கு வராத கெடுதான்.

அறிக்கை பற்றிக் கொஞ்சம். '90 விழுக்காடு டிக்கெட்டுகள் கெடுவுக்குள்' என்பது நிறைய ஒப்பந்தங்களில் இலக்கு. ஒரு நிறுவனத்துக்குப் பத்துக் கிளைகள், ஒன்பது சமவெளியில், ஒன்று மலையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கிளைக்கும் ஒரே அளவு டிக்கெட். மலைக் கிளையின் டிக்கெட் ஒன்றுகூடக் கெடுவுக்குள் முடியாவிட்டாலும், மற்றவை முடிந்துவிட்டால் இலக்கு எட்டப்பட்டுவிடும். வருடம் முழுக்க. உங்கள் துறையில் இதைத் தர்பூசணி என்பார்களாம்: வெளியே பச்சை, வெட்டினால் சிவப்பு. அந்தச் சிவப்பு முழுக்க ஒரே ஊரில் குவிந்திருக்கிறதா என்று யாரும் வெட்டிப் பார்ப்பதில்லை என்பதே என் மனக்குறை. சைட் வாரியாகப் பிரித்த அறிக்கையை மாதம் ஒரு முறையாவது எடுத்துப் பாருங்கள். சராசரியையும் நம்பாதீர்கள். ஒன்பது டிக்கெட் ஒரு மணிநேரத்திலும் ஒரு டிக்கெட் 41 மணிநேரத்திலும் முடிந்தால் சராசரி 5 மணிநேரம். அந்த 41 யாருடையது என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

எங்களைக் கேட்காமல் கெடு எழுதுவதால் வரும் இன்னொரு சிக்கல், உங்களுக்குக் கீழே இருக்கும் ஒப்பந்தங்கள். வாடிக்கையாளருக்கு 4 மணிநேரம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஹார்டுவேர் வெண்டரோடு உள்ள ஒப்பந்தத்தில் 'அடுத்த வேலைநாள்'. இணைய நிறுவனத்தோடு 99 விழுக்காடு. 30 நாள் மாதத்தில் 7 மணி 12 நிமிடம் இணைப்பு இல்லாமல் போனாலும் அவர்கள் சொன்ன சொல் காப்பாற்றப்பட்டுவிடும். கீழே இருக்கும் இந்த எண்களைக் கூட்டிப் பார்த்த பிறகுதான் மேலே எழுத வேண்டும். ஐடிஐஎல் படித்த உங்களுக்கு இது புதிதல்ல, 'அண்டர்பின்னிங் கான்ட்ராக்ட்' என்று பரீட்சைக்கு எழுதியிருப்பீர்கள். செய்து பார்த்த அட்மின்களும் இருக்கிறார்கள். கீழே உள்ள நேரத்தைக் குறைக்கவும் வழி உண்டு: ஏற்காட்டில் ஓர் அலமாரியில் ஒரு ரவுட்டர், ஓர் அடாப்டர், ஒரு கீபோர்டு, ஒரு சுவிட்ச் வைக்க ஏற்பாடு செய்துவிட்டால், எத்தனை எஸ்கலேஷன் மடல் போட்டாலும் குறையாத நேரம் தானாகக் குறைந்துவிடும்.

எஸ்கலேஷன் என்றதும் ராத்திரிப் பயணம் நினைவுக்கு வருகிறது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பனிமூட்டம் இறங்கினால் பத்தடிக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. காட்டெருமை குறுக்கே நிற்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டியபோது மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. இதில் பைக்கில் வரும் டெக்னீஷியன் பையன்களுக்கு, கெடுவின் முக்கால் பங்கு கடந்துவிட்டது என்று ஒரு மடல், முடிய அரைமணி இருக்கிறது என்று இன்னொரு மடல், பிறகு மேலாளரின் போன். வளைவில் வண்டி ஓட்டிக்கொண்டே போனை எடுக்கிறார்கள். பயத்தில்தான் எடுக்கிறார்கள். கெடு தவறி 'ப்ரீச்' ஆனால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயம்.

இதை மாற்றுவதும் உங்கள் கையில்தான். சர்வீஸ்டெஸ்க் பிளஸ்ஸில் தீர்வுக்கான எஸ்கலேஷனுக்கு நான்கு படிகள் இருக்கின்றன. கெடுவுக்கு முன்னாலும் வைக்கலாம், பின்னாலும் வைக்கலாம். நான்கையும் ஒரே டெக்னீஷியனை விரட்டப் பயன்படுத்த வேண்டாம். முதல் படி எனக்கு வரட்டும். இரண்டாவது படி, பாகத்தை விடுவிக்கவோ இன்னோர் ஆளை அனுப்பவோ அதிகாரம் உள்ளவருக்குப் போகட்டும், கெடுவுக்கு நன்றாக முன்னாலேயே. இருட்டிய பிறகு மலையேற வைக்கும் எந்தக் கெடுவையும் எழுதாதீர்கள். மலை சைட்டுகளின் வேலைநேரத்தை மாலை 5 மணியோடு முடித்துவிட்டால், விடிந்த பிறகு தொடரும்படி மென்பொருளே கணக்குப் போட்டுக்கொள்ளும். விடுதிகளுக்கு இரவிலும் உதவி வேண்டும் என்றால் அது போனில், தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருளில். மழையில் பாதை அடைபட்டால், முன்பு சொன்னதற்கு ஒரே விதிவிலக்காக, கடிகாரம் நிற்கும் 'பாதை மூடல்' என்று ஒரு நிலை இருக்கட்டும். அதை ஒரு பொறுப்பாளரால் மட்டுமே போடவும் எடுக்கவும் முடியட்டும். அதைப் போட்ட நிமிடமே மலையில் டிக்கெட் போட்ட எல்லாருக்கும் குறுஞ்செய்தி போகட்டும். இப்படி நிறுத்தும் கடிகாரத்தை இங்கே யாரும் குறை சொல்லமாட்டார்கள். பாதையை அவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சிலர் சொல்லக்கூடும்: 'ஒப்பந்தத்தில் கையெழுத்தாகிவிட்டது, நாங்கள் அட்மின்கள் மட்டுமே, எண்ணை மாற்ற எங்களால் முடியாது' என்று. உண்மைதான், 4 என்பதை 9 ஆக்க உங்களுக்கு அதிகாரம் இல்லாமல் இருக்கலாம். விதியின் வரிசை, நாட்காட்டி, நிறுத்தும் நிலைகள், மடலின் மொழி, எஸ்கலேஷன் யாருக்குப் போகிறது என்பவை பெரும்பாலும் உங்கள் லாகினில்தான் இருக்கின்றன. எண்ணை மாற்ற அதிகாரம் உள்ளவர்களிடம் சைட் வாரி அறிக்கையைக் கொண்டுபோய்க் காட்டக்கூடியவரும் நீங்கள்தான்.

மழைக்காலத்துக்கு முன் ஒரு வேலை செய்ய வேண்டும். உங்கள் சைட் பட்டியலில் ஏற்காடு, நாகலூர், வெள்ளக்கடை, மாரமங்கலம், தலைச்சோலை, மஞ்சக்குட்டை என்று எந்தப் பெயர் இருந்தாலும் தனியே எடுத்து, உங்களுக்குத் தெரிந்த ஃபீல்டு எஞ்சினியர் ஒருவருக்கு அனுப்புங்கள். எந்த இடத்தில் எந்த சிக்னல் எடுக்கும், எந்த எஸ்டேட் ரோட்டில் மழையில் வண்டி போகாது, எந்த அலுவலகத்தின் சாவி யாரிடம், மூடுபனி எத்தனை மணிக்கு இறங்கும் என்பதெல்லாம் எங்களில் ஒவ்வொருவருக்கும் மனப்பாடம். ஒவ்வொரு சைட்டுக்கும் பகலில் எத்தனை மணிநேரம், மழையில் எத்தனை மணிநேரம் என்று ஒரே நாளில் நிரப்பித் திருப்பி அனுப்பிவிடுவோம்.

அன்புடன்,
ஒரு ஃபீல்டு எஞ்சினியர்
மஞ்சக்குட்டை, ஏற்காடு வட்டம்